முப்பது கட்டங்கள்: நுரையீரல் புற்றுநோயில் மருந்தும் கதிர்வீச்சும்

(சித்தூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமது கிளைச் செயலாளர் போன மாதம் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஆன்மிகம் பேச நிறையப் பேர் இருக்கா. நீங்க பி.எஸ்ஸி. படிச்சவர், ஏதாவது சயின்ஸ் சம்பந்தமாப் பேசுங்கோ" என்றார். சந்திரயான் பற்றிப் பேசுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் சற்றுத் தயங்கினார். "கேன்சரா? மாசக் கூட்டத்துலேயா?" என்றார். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் இந்த வியாதி எட்டிப் பார்க்காத குடும்பம் எத்தனை என்று கேட்டேன். பிறகு அவர் மறுக்கவில்லை.

நான் டாக்டர் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1971இல் திருப்பதி எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜில் கெமிஸ்ட்ரி பி.எஸ்ஸி. முடித்தேன். பிறகு 34 வருஷம் வணிகவரித் துறையில் ரிஜிஸ்டர்களைப் புரட்டி, 2008இல் ஓய்வு பெற்றேன். இந்த விஷயத்தை நான் படிக்க நேர்ந்ததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் என்னோடு வேலை பார்த்த நண்பர். மற்றவர் என் அத்திம்பேர். இரண்டு பேருமே இப்போது இல்லை. நண்பர் விஷயத்தில் நான் ஒரு தப்புப் பண்ணினேன். அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சில் அர்த்தமில்லை.

நண்பருக்கு 2009இல், தம் 63வது வயதில், நுரையீரலில் கேன்சர் என்று தெரிந்தது. சிகரெட் பழக்கம் உண்டு. கட்டி நெஞ்சின் நடுவில் இருக்கும் நெறிக்கட்டிகளுக்குப் பரவியிருந்தது. ஆனால் கல்லீரல், மூளை, எலும்பு என்று தூரத்துக்குப் போகவில்லை. இதை மூன்றாம் கட்டம் என்கிறார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் செய்து எடுக்க முடியாத நிலை. ஆனாலும் குணமாக்கும் நோக்கத்தோடு வைத்தியம் செய்யக்கூடிய நிலை. நான் இன்று பேசுவது முக்கியமாக இந்த மூன்றாம் கட்டத்தைப் பற்றித்தான். நான்காம் கட்டத்துக்கு வைத்தியமுறையே வேறு.

டாக்டர்கள் ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே கீமோதெரபி என்று தீர்மானித்தார்கள். மூன்று வாரம் நன்றாகப் போயிற்று. நான்காவது வாரம் அவருக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்துப் பெங்களூரில் அவர் பெண் வீட்டுக் கிருஹப்பிரவேசம். என்னிடம் யோசனை கேட்டார். நான், "மூணு வாரம் ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ சார், உடம்பு தேறட்டும். மெஷின் எங்கேயும் ஓடிப் போகாது" என்றேன். எல்லாம் தெரிந்தவன் போலச் சொன்னேன். அவரும் கேட்டார். திரும்பிப் போனபோது டாக்டர் கோபித்துக்கொண்டாராம். மீதியை முடித்தார்கள். எட்டு மாதத்தில் அதே இடத்தில் கட்டி திரும்ப வந்தது. 2010 முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

அந்த மூன்று வாரம் விடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பின்னாளில் நான் கேட்டபோது டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் விளக்கினார். கதிர்வீச்சு நடக்கும்போது கட்டியில் பெரும்பாலான செல்கள் சாகின்றன. மிஞ்சியவை சும்மா இருப்பதில்லை. சில வாரங்களுக்குப் பிறகு, அவை முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கின்றன. நாம் இடைவெளி விட்டால் அந்த நாட்கள் அவற்றுக்குத்தான் லாபம். திட்டமிட்டதற்கு மேல் நீளும் ஒவ்வொரு நாளுக்கும் பலன் நூற்றுக்கு ஒன்று அல்லது சற்று அதிகமாகக் குறைகிறது என்று நிபுணர்கள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். 21 நாட்களுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். நான் பெருக்கிப் பார்த்தேன். அன்று இரவு சாப்பிடவில்லை.

இப்போது அத்திம்பேருக்கு வருகிறேன். ஹைஸ்கூல் கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். சிகரெட் கிடையாது, பொடி கிடையாது, வெற்றிலையில் புகையிலைகூடக் கிடையாது. 2014இல் அவருக்கு வயது 68. இருமல் விடவில்லை, ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. காட்டிய இடத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, டி.பி. என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்தார்கள். சளியில் கிருமி தெரிகிறதா என்றால் இல்லை. சிறுநீர் ஆரஞ்சு கலரில் போனதுதான் மிச்சம், இருமல் நிற்கவில்லை. மூன்று மாதம் இப்படியே போயிற்று. அதன் பிறகுதான் ஸ்கேன், பிராங்கோஸ்கோபி, சதைப் பரிசோதனை எல்லாம். முடிவு: மூன்றாம் கட்டப் புற்றுநோய்.

இது அத்திம்பேருக்கு மட்டும் நடந்த விஷயமல்ல. நம் தேசத்தில் டி.பி. அதிகம், எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரிவதுண்டு. ஆகவே கேன்சர் நோயாளிகளில் கணிசமான பேர் முதலில் டி.பி. மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் சரியான இடத்துக்கு வருகிறார்கள் என்று டாக்டர்களே எழுதுகிறார்கள். சளியில் கிருமி நிரூபணம் ஆகாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சில வாரத்தில் குணம் தெரியாவிட்டால், சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். பீடி சிகரெட் பிடிக்காதவர்களுக்கு இது வராது என்ற எண்ணமும் வேண்டாம். நம் நாட்டில் புகைக்காதவர்கள், முக்கியமாகப் பெண்கள், இந்த நோயாளிகளில் கணிசமாக இருக்கிறார்கள்.

டாக்டர் எங்களை உட்கார வைத்து இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, முதலில் கீமோதெரபி, அது முடிந்து கதிர்வீச்சு. இரண்டாவது, இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுப்பது. "இரண்டாவதில் பலன் கொஞ்சம் அதிகம், சிரமம் நிறைய அதிகம்" என்றார். என் அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டா அம்பி, ஒண்ணைத் தாங்கறதே பெரிசு. ரெண்டையும் ஒண்ணாக் கொடுத்தா அவர் தாங்குவாரா? நீ சயின்ஸ் படிச்சவன், சொல்லு." நண்பரின் நினைவு வந்தது. இந்தத் தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது என்று தீர்மானித்து, இரண்டு நாள் டயம் கேட்டுப் படிக்க உட்கார்ந்தேன்.

படித்ததில் எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன்.

கதிர்வீச்சு என்பது கட்டி இருக்கும் இடத்தை மட்டும் தாக்குவது. மருந்து ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் போவது. எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கம்பெனி வரி ஏய்க்கிறது என்று தகவல் வந்தால், கிடங்கைச் சோதனை போடும் அதே நாளில் நரஹரிப்பேட்டை செக்போஸ்டிலும் ஆட்களை நிறுத்துவோம். கிடங்கை இன்றைக்கு, செக்போஸ்டை அடுத்த மாதம் என்றால் சரக்கு எல்லையைத் தாண்டிவிடும். (2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த செக்போஸ்ட்களே இல்லாமல் போயின. உதாரணத்துக்காவது இருக்கட்டும்.) நுரையீரல் கேன்சரில் கண்ணுக்குத் தெரியாத விதைகள் ஆரம்பத்திலேயே வெளியே போயிருக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் இரண்டு இடத்திலும் காவல்.

இது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி கெமிஸ்ட்ரி. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் ஆசை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வைத்தியத்தில் முக்கியமான மருந்து சிஸ்பிளாட்டின். ஒரு பிளாட்டினம் அணு, அதில் ஒரு பக்கம் இரண்டு குளோரின், மறுபக்கம் இரண்டு அமோனியா. அவ்வளவுதான். இந்தச் சேர்மத்தை 1844லேயே பெய்ரோன் என்ற இத்தாலியர் தயாரித்துவிட்டார். அது எதற்கு உதவும் என்று 120 வருஷம் யாருக்கும் தெரியாது. 1960களில் அமெரிக்காவின் மிச்சிகனில் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி, மின்சாரம் பாய்ந்தால் பாக்டீரியா எப்படி நடந்துகொள்ளும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. மின்சாரத்தின் வேலை என்று முதலில் நினைத்தார். தேடிப் பார்த்தால், மின்முனையாக வைத்திருந்த பிளாட்டினம் கரைசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து செய்த வேலை அது. 1965இல் அதை வெளியிட்டார். செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் என்றால் கேன்சருக்குக் கொடுத்துப் பார்க்கலாமே என்று யோசித்தார். 1978இல் அமெரிக்க அரசு அதை மருந்தாக அங்கீகரித்தது. பி.எஸ்ஸி.யில் நாங்கள் சிஸ், டிரான்ஸ் என்று பரீட்சைக்காக உருப்போட்ட சங்கதி!

கதிர்வீச்சு செல்லுக்குள் போய் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. செல்லுக்கு அதைத் திரும்ப முடிந்துகொள்ளும் சாமர்த்தியம் உண்டு. சிஸ்பிளாட்டின் அதே இழைகளை ஒன்றோடொன்று கட்டிப் போட்டு, அந்த ரிப்பேர் வேலையைக் கெடுக்கிறது. ஆகவே மருந்து உடம்பில் இருக்கும்போது கதிர் பட்டால், அதே அளவு கதிருக்குச் சேதம் அதிகம். இன்று மருந்து, மூன்று மாதம் கழித்துக் கதிர் என்றால் இந்த லாபம் கிடைக்காது. சேர்த்துக் கொடுப்பதன் தாத்பரியம் இதுதான்.

இந்த யோசனை நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டில், 1957இல் கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரம் வந்தது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்பார்கள். அங்கே டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தார்கள். ப்ளியோமைசின் என்ற மருந்தைச் சேர்த்து அவர்கள் கண்ட பலன் 1980இல் லண்டன் மருத்துவப் பத்திரிகையில் வெளியாயிற்று. டாக்டர் சாந்தா 2021 ஜனவரியில் காலமானார். கடைசிவரை ஆஸ்பத்திரி வளாகத்திலேயே வாழ்ந்தவர்.

நுரையீரலுக்கு வந்தால், 1980கள் வரை மூன்றாம் கட்டத்துக்குக் கதிர்வீச்சு மட்டும்தான். 1990இல் அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி வெளியாயிற்று. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 9.7 மாதம் தாண்டி இருந்தார்கள். முதலில் மருந்து, பிறகு கதிர்வீச்சு பெற்றவர்களில் பாதிப் பேர் 13.8 மாதம் தாண்டினார்கள். 1999இல் ஜப்பானியர்கள் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்: ஒன்றன்பின் ஒன்றா, ஒரே சமயத்திலா? ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தால் 13.3 மாதம், ஒரே சமயத்தில் கொடுத்தால் 16.5 மாதம். 2010இல் இப்படிப்பட்ட ஆறு ஆராய்ச்சிகளைச் சேர்த்து, 1,205 நோயாளிகளின் கணக்கைப் பார்த்தார்கள். ஐந்து வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் முறையில் நூற்றுக்கு 10.6, இரண்டாவது முறையில் 15.1.

நூற்றுக்கு நாலரைப் பேர்தானா என்று தோன்றும். எனக்கும் தோன்றிற்று. இந்த ஹாலில் நூறு நாற்காலி போட்டிருக்கிறோம். நாலு நாற்காலி என்பது நாலு குடும்பம். அதே கணக்கில் மறுபக்கமும் இருக்கிறது: உணவுக்குழாய் கடுமையாகப் புண்ணாவது நூற்றுக்கு 4 பேரிலிருந்து 18 பேராக ஏறுகிறது. இரண்டு எண்ணையும் ஒரு தாளில் எழுதி அத்திம்பேரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "புண் ஆறிடும். நாலரை ஆறாது" என்றார். அவ்வளவுதான் விவாதம்.

ஆனால் எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. எழுந்து நடமாடி, தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர், எடை அதிகம் குறையாதவர், சிறுநீரகமும் மூச்சுத் திறனும் சரியாக இருப்பவர்தான் இரண்டையும் ஒன்றாகத் தாங்குவார். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கும். அதற்கு லாயக்கில்லாதவர்களுக்குக் கார்போபிளாட்டின் என்ற சாதுவான தம்பி இருக்கிறது. தளர்ந்தவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பதே நல்லது என்று டாக்டர் சொன்னால், அதைக் குறைந்த வைத்தியம் என்று நினைக்க வேண்டாம்.

வயது மட்டுமே தடையல்ல. இது நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். எழுபது தாண்டியவர்களை மட்டுமே வைத்து ஜப்பானில் ஒரு ஆராய்ச்சி செய்து 2012இல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சோடு தினமும் சிறிய அளவு கார்போபிளாட்டின் சேர்த்தவர்களுக்கு 22.4 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு 16.9 மாதம். "வயசாயிடுத்து, இனிமே எதுக்கு" என்று பிள்ளைகள் அப்பாவுக்காகத் தாமாகவே முடிவு பண்ணுவதை நான் பார்த்திருக்கிறேன். அப்பாவையும் ஒரு வார்த்தை கேட்கலாம்.

கதிர்வீச்சு எப்படி நடக்கிறது என்று பலருக்குப் பயம். வலி கிடையாது. முதலில் ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுகிறார்கள். இதயம், முதுகுத்தண்டு, நல்ல நுரையீரல் இவற்றின் மேல் எவ்வளவு குறைவாகப் படும் என்பதில்தான் அவர்கள் வித்தை. நெஞ்சில் சின்னப் புள்ளிகள் குத்துவார்கள். தினமும் பலகை மேல் சில நிமிஷம் அசையாமல் படுத்தால் முடிந்தது. ஒரு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், ஆறு வாரம். மொத்தம் 30 தடவை, 60 கிரே. இன்னும் அதிகம் கொடுத்தால் இன்னும் நல்லதோ என்று அமெரிக்காவில் 74 கிரே கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான முடிவு: 60 கிரே பெற்றவர்களுக்கு 28.7 மாதம், 74 பெற்றவர்களுக்கு 20.3 மாதம். அதிகம் கொடுத்தது கெடுதலாயிற்று. வைத்தியம் பெற்றவர் உடம்பிலிருந்து கதிர் வெளியே வராது. பேரக்குழந்தை மடியில் உட்காரலாம். அக்கா தட்டு டம்ளரைத் தனியாக வைக்க ஆரம்பித்தாள், அதை நிறுத்த ஒரு வாரம் ஆயிற்று.

அத்திம்பேர் முதல் நாளே ஒரு கிராஃப் தாளை எடுத்து, ஐந்து ஐந்தாக ஆறு வரிசை, முப்பது கட்டம் போட்டார். போய் வந்த கையோடு ஒரு கட்டத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு. கீழே அன்றைய எடை. வீட்டிலிருந்து போய்வந்தால் பஸ், பந்த், விருந்தாளி என்று ஏதாவது ஒரு நாள் தவறும் என்று, ஆஸ்பத்திரி அருகிலேயே ஏழு வாரத்துக்கு ரூம் எடுத்தோம். நண்பரிடமிருந்து நான் கற்ற பாடம் அது. பதினொன்றாம் கட்டத்தில் மெஷின் பழுதாகி ஒரு நாள் போயிற்று. நான் டாக்டரிடம் போய் நின்றேன். கேட்பதற்கு முன்பே, சனிக்கிழமை வரச் சொல்லிச் சரிக்கட்டினார்.

பத்தொன்பதாம் கட்டத்தில் தொண்டை பிடித்தது. இருபத்திரண்டில் அத்திம்பேர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போறும்டா அம்பி, விட்டுடு" என்றார். மூன்று பிள்ளைகளுக்கும் பேச நா எழவில்லை. நான் என் நண்பரின் கதையை, நான் சொன்ன யோசனை உட்பட, அன்றுதான் முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

விழுங்க முடியவில்லை என்பதற்கு வைத்தியம் உண்டு. இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மரத்துப்போகச் செய்யும் திரவம், வலி மருந்து, முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் எல்லாம் இருக்கிறது. கேட்டால்தான் கொடுப்பார்கள். நம்மவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் பட்டினி கிடந்துவிட்டு நான்காம் நாள் மயக்கம் போடுவார்கள். காரம், புளிப்பு, சூடு மூன்றும் ஆகாது. மிளகு ரசம் உடம்புக்கு நல்லதுதான், இந்த ஆறு வாரம் மட்டும் வேண்டாம். குழைந்த பருப்பு சாதம் நெய்யோடு, தயிர் சாதம், கஞ்சி, ஆறின பால், அரைத்த பனீர் என்று அக்கா கொடுத்தாள். டயட்டீஷியன் முட்டை என்று ஆரம்பித்ததும் அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பருப்பும் பாலும் வைத்தே புரதக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். ஏகாதசி உபவாசம் வைத்திய காலத்தில் கூடாது. எடை இறங்கினால் திட்டமே மாறிவிடும். கஷாயம், சூரணம், விட்டமின் மாத்திரை எதுவானாலும் டாக்டரிடம் சொல்லாமல் சாப்பிடக் கூடாது. கீமோ சமயத்தில் ரத்த அணுக்கள் குறையும். காய்ச்சல் வந்தால் மறுநாள் காலை வரை காத்திராமல் அந்த இரவே போக வேண்டும்.

முப்பதாம் கட்டம் 43வது நாளில் முடிந்தது. முடிந்து மூன்று மாதத்தில் மூச்சு வாங்கிற்று, வறட்டு இருமல். கேன்சர் திரும்பிவிட்டது என்று வீடே கலங்கிற்று. கதிர்வீச்சினால் நுரையீரலில் வரும் அழற்சி அது. சில மாதங்களுக்குள் வரக்கூடியது. ஸ்டீராய்டு மாத்திரையில் அடங்கிற்று. அதற்குப் பிறகு நாலு வருஷத்துக்கு மேல் இருந்தார். பேரனுக்குப் பூணூல் போட்டார். தெருப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தார். 2018 கடைசியில் நோய் மூளையில் வந்தது.

அவர் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. இந்தச் சேர்க்கை வைத்தியத்தை முடித்து, கட்டி வளராமல் இருப்பவர்களுக்கு ஒரு வருஷம் துர்வாலுமாப் என்ற ஊசி. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி மேல் கேன்சர் போட்டு வைத்திருக்கும் பூட்டை அது திறக்கிறது. அதைப் பெற்றவர்களில் ஐந்து வருஷம் தாண்டியவர்கள் நூற்றுக்கு 43, பெறாதவர்களில் 33 என்று 2022இல் வெளியிட்டார்கள். கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாற்றம் இருந்தால், ஊசிக்குப் பதில் ஒசிமெர்டினிப் மாத்திரை. இதன் பலன் 2024இல் வெளியாயிற்று: நோய் வளராமல் இருந்த காலம் வெறும் மாத்திரையில் 5.6 மாதம், இதில் 39.1 மாதம். நம் தேசத்தில் அந்த மாற்றம் உள்ளவர்கள் குறைவல்ல, புகைக்காதவர்களில் இன்னும் அதிகம். ஆகையால் சதைப் பரிசோதனையின்போதே மரபணுச் சோதனையும் உண்டா என்று கேளுங்கள். சிறு செல் வகை என்று இன்னொரு நுரையீரல் கேன்சர் உண்டு. அது நெஞ்சோடு நிற்கும்போது அதற்கும் மருந்தும் கதிரும் சேர்த்துத்தான், 2024 முதல் அதிலும் துர்வாலுமாப் பலன் தெரிந்திருக்கிறது.

விலைதான் மலைக்க வைக்கிறது, லட்சக்கணக்கில். 2024 ஜூலை பட்ஜெட்டில் இந்த இரண்டு மருந்துகளுக்கும் சுங்க வரியை நீக்கினார்கள். வரி வசூலித்தே வயசான எனக்கு, ஒரு வரி போனதில் சந்தோஷப்பட்டது அன்றுதான். ஆனால் சிஸ்பிளாட்டினும் கதிர்வீச்சும் அரசாங்கத் திட்டங்களுக்குள் கிடைக்கக்கூடியவை. ஆந்திர அரசின் ஆரோக்யஸ்ரீ 2007இல் தொடங்கியது, இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவை என்ற பெயரில் நடக்கிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பில்லாமல் ஆயுஷ்மான் அட்டை உண்டு. வருஷத்துக்கு 5 லட்சம் வரை. நம்மவர்கள் பலர் இதற்கு நமக்குத் தகுதி கிடையாது என்று நினைத்து வாங்காமல் இருக்கிறார்கள்.

மற்ற ஊர்களிலிருந்து இதைப் படிக்கப் போகும் அங்கத்தினர்களுக்காக ஒரு வார்த்தை. சித்தூர்க்காரர்களுக்குத் தெற்கே ஒரு மணி நேரத்தில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. வடக்கே திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் நடக்கும் ஸ்விம்ஸ். அதோடு, தேவஸ்தானம் கொடுத்த நிலத்தில் டாட்டா டிரஸ்ட் கட்டி, 2018இல் அடிக்கல் நாட்டி 2022 மே மாதம் திறந்த கேன்சர் ஆஸ்பத்திரி. ஒரு காலத்தில் சித்தூரிலிருந்து சென்னைக்கு ரயிலேற வேண்டும். உங்கள் ஊரில் தினமும் போய்வரும் தூரத்தில் எது இருக்கிறது என்று பாருங்கள். பேர் பெற்ற இடம் நானூறு மைலில் இருந்து வாரம் ஒரு நாள் தவறுவதைவிட, பக்கத்தில் முப்பது நாளும் தவறாமல் போகும் இடம் மேல் என்பது என் அபிப்பிராயம். டாக்டர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

அத்திம்பேரின் கிராஃப் தாள் அக்காவிடம் இருக்கிறது, ஸ்வாமி அலமாரி இழுப்பறையில். அதைப் பார்த்து, கட்டங்கள் காலியாக இருக்கும்படி ஐம்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வாசல் மேஜையில் வைத்திருக்கிறேன். கீழே எடைக்கு ஒரு வரி, ஆஸ்பத்திரி அவசர போன் நம்பருக்கு ஒரு வரி விட்டிருக்கிறது. வீட்டில், உறவில், தெருவில் யாருக்காவது வேண்டியிருந்தால் எடுத்துப் போங்கள். கூடவே ஒரு பென்சிலும் கொடுங்கள்.